பத்தாவது துகள்

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
சரக்கு வண்டி, எத்தனை பெட்டி என்று
எண்ணுவதை எப்போதோ விட்டாயிற்று.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு போனைத் திறக்கிறேன்.
ராத்திரி ஓட்டிவிட்டு வந்த கணக்கின்
வெளியீட்டுக் கோப்பு இறங்கியிருக்கிறது.
நாற்பத்தோராயிரம் வரி.

முதல் பாதி
நான் எழுதிக் கொடுத்ததையே எனக்கு ஒப்பிக்கிறது.
யுரேனியம் இவ்வளவு, உறை இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு,
பந்தல்காரர் ரசீது மாதிரி.
எனக்கு வேண்டியது ஒரே எண்.
ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும்.
ஒன்று என்றால் இந்தத் தலைமுறையில் எத்தனை நியூட்ரானோ
அடுத்ததிலும் அத்தனை.
குறைந்தால் உலை அணையும்.
கூடினால்,
அதை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது.

எண் இல்லை.
கடைசி வரி இது:
பத்துத் துகள்கள் தொலைந்தன. ஓட்டம் நிறுத்தப்பட்டது.

செத்தவை அல்ல.
செத்தவற்றுக்குத் தனி அட்டவணை உண்டு,
போரான் விழுங்கியவை, சுவர் தாண்டிப் போனவை,
எல்லாவற்றுக்கும் கணக்கு.
தொலைந்தது வேறு.
ஓர் அறையை விட்டுக் கிளம்பி
அடுத்த அறை எது என்று கேட்டபோது
யாரும் வாய் திறக்காதது.

மேலே போய்ப் பார்க்கிறேன்.
உறையின் வெளி ஆரம் 0.4750.
தண்ணீர் தொடங்கும் ஆரம் 0.4751.
நான்தான் தட்டியிருக்கிறேன், பதினொன்றரை மணிக்கு,
இரண்டு மின்வெட்டுக்கு நடுவே.
மயிரிழையில் ஐம்பதில் ஒரு பங்கு.
அங்கே உலோகமும் இல்லை, நீரும் இல்லை.
வெற்றிடமும் இல்லை.
வெற்றிடம் என்றால்கூட
வெற்றிடம் என்று எழுதித் தர வேண்டும்.

பின்னால் டிவிஎஸ்ஸில் சர்வேயர் இளம்பரிதி,
மடியில் சுருட்டிய புல வரைபடம்.
எங்கள் நிலத்தை அளக்கத்தான் வருகிறார்.
"எண்பத்தேழு பார் ரெண்டு இங்க முடியுதும்மா.
மூணு அங்க ஆரம்பிக்குது.
நடுவுல ஒன்பது அடி ரெண்டுலயும் வரல."

அந்த ஒன்பது அடியில்
சலேத்தம்மாள் குடிசை இருக்கிறது.
ஒரு முருங்கை, இரண்டு ஆடு.
மின் இணைப்புக்குப் பன்னிரண்டு வருடமாக மனு.
மனை எண் என்ற கட்டத்தில்
ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுகிறாள்.

என் பிழையைத் திருத்துவது சுலபம்.
ஒன்றை அழித்துப் பூஜ்யம்.
எல்லை எல்லையோடு ஒட்டிக்கொள்ளும்,
விடிவதற்குள் எண் வந்துவிடும்.
"இதையும் ஒட்டிடலாம்மா, உங்க பக்கமாவே"
என்கிறார் இளம்பரிதி,
எனக்குச் சாதகமாக ஏதோ சொல்கிற குரலில்.
ஒட்டினால் கோடு
அவள் அடுப்பின் மேல் போகும்.

கேட் தூக்குகிறார்கள்.
இரண்டு பக்கமும் சாலை முழுக்க வண்டி,
யாரும் யாருக்கும் வழி விடவில்லை.
நடுவில் மாட்டிக்கொண்டு, தண்டவாளத்தின் மேல்,
இன்னும் பதில் சொல்லவில்லை நான்.