எட்டுக்கு ஆறு

பாயான் லெப்பாஸ் ஆலையில்
நுண்ணோக்கியின் கீழ் சில்லுகளை வைத்து
தேறியது, தேறாதது என்று
பதினோரு வருடமாகப் பிரிக்கிறவள் நான்.
இன்று என்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

ஜெல்லி குளிர்கிறது.
அரை மணி நேரம் பார்ப்போம், என்கிறார் ஹமிடா.
நீர் போதுமாம்: இரண்டு.
மூன்று உதை: இரண்டு.
விரல்கள் விரிந்து மூடின: இரண்டு.
மூச்சுக்கு இன்னும் ஒன்றும் போடவில்லை.

காற்றே இல்லாத இடத்தில்
எதை இழுத்து எதை விடும்?
பழகிப் பார்க்கும், என்றார்,
அரை நிமிடம் விடாமல் பழகினால் போதும்.

திரையில் விலா எலும்புகள்
விடியலுக்கு முன் பினாங்குப் பாலத்து விளக்குகளாய்
வரிசையாக நிற்கின்றன. அசைவில்லை.

தூங்குது போல, போய்
ஐஸ் மைலோ குடித்துவிட்டு வாங்க.
கேன்டீனில் நின்றபடியே குடித்தேன்.
பட்டர்வொர்த்திலிருந்து லோகேந்திரன் அழைத்தான்.
எடுக்கவில்லை.
என்ன சொல்வது, எட்டுக்கு ஆறு என்றா?

மறுபடி ஜெல்லி.
ஒன்பதாவது நிமிடம்
விலாவுக்குக் கீழே ஒரு கோடு
இறங்கியது
ஏறியது
இறங்கியது.
ஹமிடா மலாயில் எண்ணத் தொடங்கினார்,
சத்தமில்லாமல், உதட்டால் மட்டும்.
பதினேழு வந்தபோது
நீங்களும் மூச்சு விடலாம், என்றார்.

முப்பது.
ஆறை அடித்து எட்டு என்று எழுதினார்.

துடைக்கக் கொடுத்த தாள் போதவில்லை.
சட்டையெல்லாம் பிசுபிசுப்பு.
நாளை காலை ஷிப்ட்.
எங்கள் வரிசையில்
ஒரு சில்லுக்கு நான்கு வினாடி.