ஒரு விரற்கடை

ரீகா நகர மீன் சந்தையில்
பனிக்கட்டிக்குள்ளிருந்து எடுத்த விரலோடு
ஸ்கைத்ரா பில் போடுகிறாள்.
இலவச மென்பொருள்தான்.
'சேமி'யைத் தொடப்போய் 'அழி'யைத் தொட்டுவிட்டு
திரையிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.
மறுபடி முதலிலிருந்து:
விலாங்கு, எழுநூறு கிராம்.

வரிசையில் மூன்றாவதாக நின்ற வினேத்தா
அந்தப் பொத்தான்களை வரைந்தவள்.
பகலில் பல் மருத்துவமனை வரவேற்பு மேசை,
ராத்திரியில் இது, சம்பளம் இல்லாமல்.
காது மடல் சுட
மீன் வாங்காமலே திரும்பினாள்.

"யாருமே புகார் சொல்லவில்லையே" என்றான்
போர்த்தோ அலெக்ரியிலிருந்து ஜுராந்திர்,
நிரலின் வாசலில் காவல் இருப்பவன்.
"சொல்லமாட்டார்கள்.
தப்பு தங்கள் விரலில் என்றல்லவா
நினைத்துக்கொள்கிறார்கள்."

பதினொரு நாள் வழக்கு.
அவள் அளந்தாள், அவன் மறுத்தான்,
அவள் ஐஸில் கைவைத்துப் பார்க்கச் சொன்னாள்.
அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் எழுதாமல்
சேர்த்துக்கொண்டான்.
'அழி' ஒரு விரற்கடை தள்ளிப் போனது.
அவ்வளவுதான்.

மார்ச்சில் மறுபடி அதே வரிசை.
ஸ்கைத்ரா திரையைப் பார்க்கக்கூட இல்லை.
ஒரே தட்டு.
மழையைத் திட்டிக்கொண்டே
மீதிச் சில்லறையை நீட்டினாள்,
செதில் ஒட்டிய காசு.