நாற்பத்தொரு பல்

டில்லி மெற்றோ வாசலில்
என் தோள்பை கறுப்புப் பெட்டிக்குள் போய்
வெளியே வரவில்லை.
பட்டியைப் பின்னுக்கு ஓட்டி
இன்னொருக்கால் பார்க்கிறார்கள்.
திரையில்
சேலை, குளிசை, பிஸ்கற் எல்லாம் வெறும் புகை.
நடுவில் ஒரு சூரியன்
பல்லுப் பல்லாக.

என்ன இது என்கிறாள் காவல்காரி.
அப்படித்தான் கேட்டிருப்பாள்.
எனக்குத் தெரிந்த ஹிந்தி மூன்று சொல்,
மூன்றும் விலை கேட்க.
ஆகவே வலக்கையால் ஸ்ரியரிங் பிடித்து
இடக்கையால் கியர் மாற்றி
முருங்கன் வளைவில் எங்கள் மினிபஸ் திரும்புகிறமாதிரி
வாயால் உறுமிக் காட்டினேன்.
பிறகு
டக்.
எனக்குப் பின்னால் நின்ற முப்பது பேரும் மூச்சுவிடவில்லை.
சிரிப்பை உதட்டுக்குள் பூட்டிக்கொண்டு
போ என்று கை காட்டினாள்.

அதன் பெயர் கிறவுண் வீல்.
மூன்றாம் மாதம் பதினெட்டாந் திகதி
கட்டையடம்பனுக்கு இங்கால் உடைந்தது.
அன்றிலிருந்து பிலேந்திரன்
ஓடாத பஸ்ஸுக்குள்தான் படுக்கிறான்.
பஞ்சிகாவத்தைக் கடைக்காரர்
இல்லையென்று சொல்ல வெட்கப்பட்டு
வரும், வந்தால் சொல்லுறம் என்றார்கள்.
இரண்டு காப்பு விமான ரிக்கற் ஆனது.
இரண்டு பேருக்கும் ஹிந்தி தெரியாது,
பயமில்லாத ஆள் போகட்டும் என்று தீர்ப்பு.
தீர்ப்புச் சொன்னதும் நான்தான்.

மெற்றோவுக்குள்
ஆண்குரல் ஹிந்தியில், பெண்குரல் ஆங்கிலத்தில்,
கலியாணம் கட்டி நாற்பது வருஷமானவர்கள்போல
ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்குகிறார்கள்.
பக்கத்துச் சீற்றுக்காரி கேட்டாள், சென்னை?
இல்லை, லங்கா.
அவள் கண் என் தோளுக்கு மேலே
இடமும் வலமுமாய்த் தேடியது.
ஒன்றுதான் என்று
தலையைத் தொட்டுக் காட்டினேன்.

கஷ்மீரி கேற்றில் ஓட்டோ.
அதே பஜாஜ், சட்டை மட்டும் பச்சையும் மஞ்சளும்.
மீற்றர் கண் மூடிக் கிடக்கிறது.
இருநூறு என்கிறான்.
எஞ்சின் இருமுவதைக் கேட்டு
பிளக்கைக் கழட்டித் துடை தம்பி என்று
சொல்ல வாய் உன்னியது,
மூன்று சொல்லுக்குள் அது இல்லை.
எண்பதுக்கு ஏறினேன்.

ஜஸ்பீர் சிங் சில்லை வாங்கி
பெருவிரலால் பல் எண்ணினார்.
சாலீஸ்.
நாற்பது என்று விரலை விரித்துக் காட்டினார்.
நான் எண்ணினேன். நாற்பத்தொன்று.
அவர் திரும்ப எண்ணினார். சாலீஸ்.
தேத்தண்ணி வந்தது.
கிறீஸ் கையோடு குடித்தபடி பார்க்கிறேன்,
முறிந்த பல்லின் அடிக்கட்டை வந்ததும்
அவர் விரல் தாண்டிப் போகிறது.
அந்த இடத்தில் என் விரலை வைத்தேன்.
இருந்தது, என்றேன்.
தமிழில்தான்.
என் விரலைப் பார்த்தார்.
சோக்கால் அங்கே ஒரு கோடு போட்டு
அதிலிருந்து தொடங்கினார்.

பரணிலிருந்து தூசி தட்டி ஒன்று இறங்கியது.
பழையதின் மேல் புதியதைக் கவிழ்த்தோம்,
பொருந்தியது.
பழையதை எடைக்குத் தரச்சொன்னார்.
தரவில்லை.

திரும்ப பஸ்.
சீற் இருந்தும்
சாரதிக்குப் பின்னால் போய் நின்றேன்.
தாழ்ந்த படி, குளிரூட்டிய காற்று,
கியர் மாற்றுகிற சத்தமே இல்லாத
ஊமைப் பஸ்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
என் இடக்கை தானாய் அசைந்தது.

பத்து ரூபாயை நீட்ட
கொண்டக்டர் வாங்கவில்லை,
ரோஸ் நிறத்தில் ஒரு துண்டு கிழித்துத் தந்தான்.
பெண்களுக்குக் காசில்லையாம்.
நான் விளங்கிக்கொள்ள ஆறு பேர் உதவினார்கள்.

பன்னிரண்டு வருஷமாய்
மிதிபலகையில் தொங்கி
மிச்சக் காசுக்குச் சண்டை பிடித்தவள்
ஓசியில் போகிறேன்,
மடியில் இரண்டு இரும்பு.

துண்டை நாலாய் மடித்து
கடவுச்சீட்டுக்குள் வைத்திருக்கிறேன்.
பிலேந்திரனுக்குக் காட்டமாட்டேன்.
மடுத் திருவிழா வருகிறது,
முதல் நடையிலேயே அறுபது பெண்கள்.