மூன்றாவது முனை

பயிற்சித்தாளில் எட்டாம் கேள்வி:
உன் வட்டாரத்தில் ஒரு சமபக்க முக்கோணம் கண்டுபிடி.
அளந்து வரைக.

எங்கள் வட்டாரத்தில் வட்டம்தான் நிறைய.
மைலோ டின் மூடி, மோட்டார் டயர்,
முச்சந்திக் கடையில் அண்ணன் வீசி விரிக்கும் ரொட்டி
(வட்டமாகுமுன் அது என்னென்னவோ ஆகிப் பார்க்கும்).
வட்டத்துக்குப் பக்கமே இல்லை என்கிறது புத்தகம்.
"பக்கம் இல்லாட்டி அதுக்கு அக்கம்பக்கம் யாரு?"
என்கிறான் ஹர்வின்.
இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான்
இருபதுக்குப் பதினொன்று வாங்குகிறான்.

எண்ணெய் ஆலைக்குத் திரும்பும் இடத்தில்
பெர்ஹெந்தி பலகை.
எட்டுப் பக்கம், எட்டும் சமம்.
லோரி மட்டும் ஒருநாளும் நிற்காது.
திருப்பத்தில் சிந்தும் செம்பனைப் பழங்கள்
எந்த வடிவத்திலும் சேராமல்
நசுங்கிக் கிடக்கும்.

எனக்கு வேண்டியது மூன்றே பக்கம்,
மூன்றும் ஒரே அளவு.
சமோசாவை அளந்தேன்: ஐந்து, ஐந்து, ஏழு.
அடிக்கோலில் எண்ணெய் ஏறியதுதான் மிச்சம்.
நாசி லெமாக் பொட்டலத்தின் ஒரு முகம்
சரியாக வரும்போல இருந்தது.
அளப்பதற்குள் ஹர்வின் பிரித்துவிட்டான்.
கூரை முகப்புக்கு ஏணி இல்லை,
இருந்தாலும் அம்மா விடமாட்டார்.

தாமானின் கடைசி வேலிக்கு அப்பால் செம்பனைக் காடு.
பள்ளி வேனில் போகும்போது
மரங்கள் திடீரென ஒதுங்கி ஒரு சந்து திறக்கும்,
மூடும், சாய்ந்து இன்னொன்று திறக்கும்,
மறுபடி மூடும்.
கட்டம் கட்டமாய் நட்டிருக்கிறார்கள்
என்றே நினைத்திருந்தேன்.
கட்டத்தில் இத்தனை சந்து ஏது?

சனிக்கிழமை, அம்மா கீரை கட்டும்
சிவப்பு ரஃபியா கயிற்றோடு போனோம்.
ஒரு மரத்துக்கும் பக்கத்து மரத்துக்கும் இழுத்து
அளவாய் வெட்டினேன்.
அதே நீளத்தில் இன்னொரு துண்டு.
மட்டை வெட்டிய அடி குத்தி
கையில் இரண்டு கீறல்.
அடுத்த வரிசைக்கு ஓடிய ஹர்வின் கத்தினான்:
"இங்க மரமே இல்ல லா!"

நோய் வந்த மரமாம்.
வேரோடு தோண்டி எடுத்துவிட்டார்கள்.
புல் மூடிய பள்ளம், நேற்றைய மழை,
ஒரு தவளை.

வேறு மூன்று மரம் பார்க்கலாம்தான்,
ஆயிரம் நிற்கின்றன.
எனக்கு இது என்ன ஆகிறதென்று தெரிந்தாகவேண்டும்.

முதல் மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி
நுனியை அவனிடம் கொடுத்தேன்.
இரண்டாம் மரத்துக் கயிறு என் கையில்.
தொய்யவிடாதே,
மரம் எங்கே விடுகிறதோ அங்கே மட்டும் நட
என்றேன்.
நடந்தால் தானாக வளைந்தது பாதை.
அட, வட்டம்!
அவன் ஒரு வட்டத்தின் ஓரத்தில்,
நான் இன்னொன்றின் ஓரத்தில்,
மெல்ல மெல்ல,
இரண்டு கயிறும் விறைப்பாக,
அவன் நுனியும் என் நுனியும் தொட்டுக்கொண்டபோது
முழங்கால்வரை தண்ணீரில் நின்றோம்.

பள்ளத்தின் நட்டநடுவில்.

முனை என்றால் மரம் என்று எண்ணியிருந்தேன்.
இல்லை.
மரம் போன பிறகும் இரண்டு கயிறு
கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறதே, அந்த இடம்.
ஹர்வினிடம் சொன்னேன்.
அவன் தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்களன்று தாள் திரும்பி வந்தது.
நான் வரைந்தது இரண்டு மரம், ஒரு குட்டை,
மூன்று கோடு.
டீச்சர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
மூன்றாவது மரம் எங்கே?

கீழே பென்சிலால் எழுதினேன்:
மரம் இல்லை டீச்சர், முனை இருக்கிறது.
அடையாளத்துக்கு
ஹர்வினின் இடதுகால் சிலிப்பரும்
அங்கேதான் புதைந்திருக்கிறது.