செவிக்கல்

கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு என்பார்கள்.
டோப்பாவுக்கு அந்த வயசு முடிவதேயில்லை.

முண்டா ஐஸ் அறையின் சிமென்ட் தரையில்
பதினேழு கிடக்கின்றன,
நெற்றி புடைத்து,
உதடு மூடாத வாயில் பாசி படிந்த பல்.
வாசலில் குந்தியிருக்கிறான் கிடியோன் ஸாமா.
அமாவாசை இரவு, கையில் டார்ச், ஒரு ஈட்டி.
ஆழமில்லாத இடத்தில் கூட்டமாய்த் தூங்குகிற மீன்;
வெளிச்சம் பட்டாலும் விழிக்காது.
"மாங்காய் பறிக்கிற மாதிரி," என்கிறான்.
பெருமையாகச் சொல்லவில்லை.
குரலில் உப்பும் தூக்கமும்தான்.

என் வேலை தலையோடு.
விலை பேச வந்தவர் ஒரு சிகரெட் முடிக்கும்வரை
எனக்கு நேரம்.
ரம்பம், பிறகு இடுக்கி.
என் மடியளவு தலைக்குள்ளிருந்து
சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு
ஒரு வெள்ளைக் கல், அதற்கு ஜோடியாய் இன்னொன்று.
இதை வைத்துத்தான் கேட்டது:
பவளத்தைத் தான் கடிக்கும் சத்தம்,
விடியற்காலை ஆண்கள் இரண்டு
தூரத்திலிருந்து நீந்தி வந்து
மண்டையோடு மண்டை மோதும் சத்தம்,
நேற்றிரவு
துடுப்புக் காலணியின் சளக் சளக்.

வருடத்துக்கு ஐந்து டன் பாறை தின்னும்.
தின்றதெல்லாம் மணலாய் இறங்கும், புகைபோல.
ரோவியானா காயலின் தீவுக் கரைகள் அப்படி வெளுத்தவை.
தேவாலய முற்றமும்.
போன வருஷம் கிடியோன் வாளி வாளியாய்ச் சுமந்து
அப்பாவின் கல்லறைமேல் பரப்பியதும்.
இதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
மீன் பேண்ட மணல் என்று
அங்கே நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும்,
சிரித்துக்கொண்டே சொல்லும்.

கல்லை முறித்தேன்.
ஸ்பிரிட் விளக்கில் வாட்டினால்
கோடுகள் கருத்து வரும்.
லென்ஸில் ஒருமுறை, உறுதிக்கு இன்னொருமுறை.

"முப்பத்தொன்று. ஒன்றிரண்டு கூடவோ குறையவோ."

அவன் எழுந்து வந்தான்.
"எனக்கும் அதுதான்."

கொஞ்சநேரம் ஐஸ் இயந்திரம் மட்டும் பேசியது.

"அப்போ நான் அலையாத்தி ஓரம்
அம்மணமாய்க் குதித்துத் திரிந்தபோது
இதுவும் அங்கேதான்,
வெள்ளைப் புள்ளி வைத்த குட்டியாய்…"
முடிக்கவில்லை.
மகளுக்குப் பள்ளிக்கட்டணம் இந்த வாரம் என்றான்,
நான் எதையும் கேட்காமலே.

முறிக்காத கல்லைக் கேட்டான்.
படிவத்தில் 'இடது – தொலைந்தது' என்று எழுதினேன்.
சிகரெட் ஜரிகைத்தாளில் மடித்து
சட்டைப்பையில் போட்டான், எடுத்தான்,
மறுபடி போட்டான்.

"அடுத்த அமாவாசை?"

"பெட்ரோல் கிடைத்தால்."

மீன்கள் போன பிறகு குழாயைத் திறந்து
தரை கழுவினேன்.
ரத்தம் சுலபமாய்ப் போயிற்று.
குடல்களிலிருந்து கொட்டியது போகவில்லை:
அரைபட்டு, இன்னும் கடலுக்குத் திரும்பாத மணல்,
இரு கை கொள்ளாமல்.
வடிகால் அடைத்துக்கொண்டது.