நாலு விரல் கூடுதல்

வர்த்தூர் ஏரியைப் பார்த்த கட்டடம்,
பதினான்காம் மாடி, மேற்குப் பால்கனி.
புறாவுக்கு வலை கட்டப் போயிருந்தேன்.
வீட்டுக்காரம்மா கேட்டாள்:
எத்தனை வருஷம் வரும் அண்ணா?
அஞ்சு, என்றேன்.
இவ்வளவு வெயிலுக்கு மூணு.

நான் அதைக் கேட்கவில்லை,
ஒன்பது வருஷம் முன்னால்
கே.ஆர்.புரத்து நர்சிங் ஹோமில்
கவட்டையில் பிதுங்கிய எலுமிச்சங்காயை
உள்ளே தள்ளி வலை வைத்தபோது.
ஆயுசுக்கும் கவலையில்லை என்றார்கள்.
வலை என்றதும் எனக்கும் ஒரு தைரியம்.
நம்ம தொழில்தானே.

இரண்டு வருஷம் அது இருப்பதே மறந்துபோனது.
பிறகு ஒருநாள்
பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது
உள்ளே யாரோ நூலை இழுத்து
முடிச்சுப் போட்டார்கள்.

இருமினால். தும்மினால்.
சில்க்போர்டு சிக்னலில் கால் ஊன்றினால்.
தொடையின் உள்பக்கம்
ஓர் உள்ளங்கை அகலம் என் பேச்சைக் கேட்பதில்லை:
லுங்கி உரசினால் எரியும்,
கிள்ளினால் தெரியாது.
கயிற்றில் தொங்கும்போது
இடுப்புப் பெல்ட்டின் வார்
சரியாக அங்கேதான் அழுத்தும்.

கொடிமலர் ராத்திரியில் என் பக்கம் திரும்புவதை
கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டாள்.
கோபமெல்லாம் இல்லை.
என் முகம் போகிற போக்கைப்
பார்க்க முடியவில்லை அவளுக்கு.

மாத்திரை. ஊசி. மறுபடி மாத்திரை.
தையல் நன்றாக ஆறியிருக்கிறதே என்றார் ஒருவர்.
வீட்டில் ஏதாவது டென்ஷனா என்றார் இன்னொருவர்.

ஆறாவதாகப் பார்த்த டாக்டர் ஹெக்டே
சின்னப் பெண், என் தங்கை வயசு.
ஸ்கேனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
வலை சுருங்கியிருக்கிறது என்றாள்.
ஓரம் மடிந்திருக்கிறது.
மடிப்புக்குள் ஒரு நரம்பு
மாட்டியிருக்கலாம்.

சிரித்துவிட்டேன்.
சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா?
முதல் மழைக்கே சுருங்கும் நைலான்.
எந்தப் பால்கனிக்கும்
நாலு விரல் கூடுதலாக வெட்டித்தான் கட்டுவேன்.
எனக்கு வெட்டியவர்
எத்தனை விரல் விட்டாரோ.

எடுத்துவிடலாமா?
அவள் பேனாவை மூடிவைத்தாள்.
வைத்ததைவிட எடுப்பது பெரிய வேலை.
ஒவ்வொரு கண்ணிலும் சதை புகுந்து வளர்ந்திருக்கும்.
முழுசாக வரலாம், பாதி வரலாம்.
வலி போகலாம்,
போகாமலும் இருக்கலாம்.
வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

இந்தப் பால்கனியில் பழைய வலை ஒன்று இருந்தது,
வேறு யாரோ கட்டியது.
கீழ்மூலையில் பாகற்கொடி
கண்ணுக்குக் கண் நுழைந்து
காய்த்தும் இருந்தது.
கொடியை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க, என்றாள் வீட்டுக்காரம்மா.
கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணாக வெட்டினேன்.
டீ ஆறியது.
மூன்று மணிக்கு
ஒரு முழத் துண்டை அப்படியே விட்டுவிட்டு
எழுந்தேன், கம்பியைப் பிடித்து,
இரண்டு தவணையாக.

புது வலையை விரித்து நாடாவை இழுத்தேன்.
பன்னிரண்டு அடி.
நாலு விரல்.
கை தானாக
இன்னும் இரண்டு விரல் விட்டது.