மூன்று நாளில் ஐந்து காட்சி

ஹகாத்தாவில் பொய்ப்பல் செய்கிறவள் நான்.
மெழுகிலும் பீங்கானிலும் பிறர் சிரிப்பைச் செதுக்கி
மிச்சம் பிடித்த விடுப்பு மூன்று நாள்.
இரவுக் கப்பலில் பூசான்,
அங்கிருந்து ரயிலில் சோல்.
பெட்டியில் ஒரு மாற்றுடை, ஐந்து நுழைவுச்சீட்டு,
இருமல் மிட்டாய் ஒரு கைப்பிடி,
முன்கூட்டியே தாள் உரித்துத் துணியில் முடிந்தது.
உரிக்கிற சத்தம் அந்த ஊர் அரங்கில் குற்றம்.

ஒரே நாடகத்தை ஐந்து தடவையா, அலுக்காதா
என்றார் மேலாளர் இவாகிரி.
ஒரே கடைவாய்ப்பல்லை முப்பது வருடமாகச் செய்கிறவர்.
நான் பதில் சொல்லவில்லை.

தேஹாங்னோவில் சந்துக்குச் சந்து நிலவறை அரங்கு.
செங்குத்தான படி. இருநூறு இருக்கை.
ஒரு பியானோ, ஒரு நாற்காலி,
மேடைக்குக் குறுக்கே ஒரு வெறுங்கயிறு.
ஒலித்தட்டின் அட்டையில் அந்தக் கயிற்றை
இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன்,
அடிவானம் என்று நினைத்து.

பிணம்போல் உட்கார்ந்து பார்ப்பது
என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
மேல்கோட்டு உரசாமல், முதுகு முன்னே சாயாமல்,
அழுதால் மூக்கை உறிஞ்சாமல்
நானும் நான்கு காட்சி
நல்ல பிணமாக இருந்தேன்.

ஐந்தாவது, சனி இரவு.
கதவில் கையால் எழுதிய அறிவிப்பு.
சீட்டுக் கவுண்டரில் நீண்ட வரிசை.
நாடகப் புத்தகம் விற்கிறார்கள் போலும்,
என்னிடம் இரண்டு இருக்கிறதே என்று
உள்ளே போய்விட்டேன்.
பாதி இருக்கை காலி.
பல் உதிர்ந்த வாயைப்போல் அரங்கு.

விளக்கு வந்தது.
நான் கடல் தாண்டி வந்தது யாருக்காகவோ
அவன் வரவில்லை.

கடவுச்சீட்டை அடகு வைத்து எடுத்த இரட்டைக்கண்ணாடியில்
முதலில் வாயைத்தான் பார்ப்பேன். தொழில் புத்தி.
இவனுக்குக் கோரைப்பல் ஒன்று வரிசையை மீறி நின்றது.
சட்டை தோளில் ஒரு விரற்கடை அதிகம்.
குரல் மெலிசு, ஆனால் உடையவில்லை,
அந்த இடம் வரும்வரை.

அவள் பெட்டியோடு வாசலில் நிற்பாள்.
அவன் கயிற்றைத் தொட்டுக்கொண்டு பாட வேண்டும்.
தொட்டான்.
பாடவில்லை.
பியானோ அதே நான்கு அளவை
இன்னொரு முறை சுற்றி வந்தது.
பிறகு இன்னொரு முறை.

அந்த வரி என் வாயில் இருந்தது.
ரயிலில், குளியலில், மெழுகு இளகக் காத்திருக்கையில்
இரண்டு வருடம் முணுமுணுத்த வரி.
எழுத்துக்கு எழுத்து தெரியும். பொருள் தெரியாது.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே,
எனக்கு வாய்க்கு எட்டி நின்றது.
உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.
வந்திருந்தாலும்
ஒரு பிணம் எப்படி எடுத்துக் கொடுக்கும்?

அவன் வெறுமனே முனகினான், சொல் இல்லாமல்,
கயிற்றை விடாமல்.
அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.
மற்ற நான்கு இரவும் அவள்
அதை வைக்கவே இல்லை.

படியேறும்போது பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள்.
பியோ ஓக்ரான், நகரப் பேருந்து ஓட்டுகிறவள்,
இது நாற்பத்தோராவது தடவையாம்.
அந்த வரிசை பணம் திருப்பி வாங்க நின்றதாம்.
எல்லாம் கைப்பேசியைக் கைமாற்றித்தான் பேசினோம்.
நான் அந்த வரியைச் சொல்லிக் காட்டினேன்.
என் உச்சரிப்புக்கு இன்னொரு சிரிப்பு.
பிறகு தட்டச்சு செய்து
திரையை என் பக்கம் திருப்பினாள்:

துணி இன்னும் காயவில்லை.

இவ்வளவுதானா என்று கேட்டேன்.
இவ்வளவுதான் என்றாள்.
அவளுடைய கடைசிப் பேருந்து வந்துவிட்டது.
இன்று யாரோ ஓட்ட, அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

திங்கள் காலை.
சுடரை மூட்டி மெழுகை உருக்கினேன்.
எப்படி இருந்தது கொரியா என்றார் இவாகிரி,
பல்லிலிருந்து கண் எடுக்காமல்.
துணி இன்னும் காயவில்லை என்றேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
அங்கேயும் மழையா?